முன்பக்கக் குத்தும் பின்பக்கக் குத்தும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அமலோற்பவம், உடையின் முதுகுப்பக்க ஜிப்பை மேலே இழுப்பதற்காக வலது கையைப் பின்னால் கொண்டுபோனாள். கை இடுப்புவரை போயிற்று. அதற்கு மேல் தனக்கு வேலை இல்லை என்பதுபோல் அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்சம் வற்புறுத்திப் பார்த்தாள். தோளுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல வலித்தது.

ஜிப்பை இழுத்துவிட வீட்டில் ஆள் இல்லை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் ரோலண்ட் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். மலேசியப் பக்கம் அவள் வீடு இருக்கும் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் எல்லைப் பாலத்தில் எப்போதும் ஜாம். ஜாம் இல்லாத நாட்களில் ரோலண்டுக்கு வேலை இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய நாய் மட்டும் இருந்தது. அமலோற்பவம் ஜிப் பாதி திறந்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் பூசை பார்த்தாள்.

"தோள் உறைஞ்சு போச்சு ஆன்டி," என்றார் கிளினிக் டாக்டர். ஜொகூர் வெயிலில் ஒரு பொருள் எப்படி உறையும் என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும், இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, ஊசி போடுவார்கள், சரியாகிவிடும் என்று அவர் சொன்னதை நம்பினாள். அப்படித்தான் அவள் தோள் ஊசி ஒப்பாய்வு நடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த நடுவம் தோன்றிய விதத்தைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஜெரால்டின் என்பவர் உறைந்த தோளுக்கு முன்பக்கமாக ஊசி போடுவார், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே போடுவார். டாக்டர் தீபன் பின்பக்கமாகப் போடுவார், திரை எதுவும் இல்லாமல் கட்டைவிரலால் தடவி எலும்பைக் கண்டுபிடித்துப் போடுவார். இரண்டு ஊசியும் ஒரே மூட்டுக்குள்தான் போகின்றன, உள்ளே இறங்கும் மருந்தும் ஒன்றுதான். ஆனாலும் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. மருத்துவமனையில் இதனால் பிளவு ஏற்பட்டு, கேண்டீனில் முன்பக்கத்தார் ஒரு மேசையிலும் பின்பக்கத்தார் ஒரு மேசையிலும் சாப்பிடும் நிலை வந்தது. தீர்வாக ஒரு தனிக் கட்டடம் கட்டி, நோயாளிகளைச் சேர்த்து, எந்தப் பக்கம் சிறந்தது என்று நிரூபித்துவிடுவது என்று முடிவானது. இயக்குநராக, டத்தோ பட்டம் பெற்ற டாக்டர் சுகுமாறன் நியமிக்கப்பட்டார். அவர் பல் மருத்துவர் என்பதால் நடுநிலையானவர் என்று கருதப்பட்டது.

அமலோற்பவம் சேர்ந்த அன்று டத்தோ வரவேற்புரை ஆற்றினார்.

"ஐந்து வருடங்களுக்கு முன்னால் நம் மாநிலத்தில் தோள்வலி இருந்தது. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. இன்று வலிக்கு ஆதாரம் இருக்கிறது. அதை உலகத்தரத்துக்கு உயர்த்துவோம். உங்களுக்கு வலி குறைந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. குறையாவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான். அதற்கும் அதே அளவு மகிழ்ச்சி."

கைதட்டச் சொன்னார்கள். கூடியிருந்தவர்களில் யாருக்கும் கையை முழுதாக நீட்ட முடியாததால் சத்தம் குறைவாகத்தான் வந்தது.

நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் முன் அணி, பின் அணி என்றுதான் பெயர் இருந்தது. சேர்த்துச் சொன்னால் ஒன்று முன்னணி ஆகிறது, மற்றது பின்னணி ஆகிறது என்று டாக்டர் தீபன் ஆட்சேபம் தெரிவித்தார். அதன் பிறகு செம்பருத்தி அணி, மல்லிகை அணி என்றார்கள். செம்பருத்தி தேசிய மலர், அந்த அணிக்கு மனவலிமை தானாகக் கூடிவிடும் என்று மறுபடியும் ஆட்சேபம் வந்தது. கடைசியில் நீலம், மஞ்சள் என்று நின்றது. யாருக்கு எந்த நிறம் என்பதைக் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கணினி முடிவு செய்யும் என்றார்கள்.

அமலோற்பவம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டாக்டர், எனக்கு எந்தப் பக்கம் போட்டா நல்லாகும்?"

டத்தோ கனிவாகச் சிரித்தார். "அது தெரிஞ்சிருந்தா இந்தக் கட்டடமே இருந்திருக்காதும்மா. நீங்க கவலப்படாதீங்க. அந்தக் கணினிக்கு உங்கமேல எந்தப் பாசமும் கிடையாது. அதனாலதான் அது நியாயமா நடந்துக்கும்."

இப்படி ஒரு நியாயம் தனக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

கணினி அவளை நீலத்தில் போட்டது. நீலம் என்றால் முன்பக்கம். ஆனால் அது நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் முடிவு கெட்டுவிடும். ஆகவே ஊசி போடும் அறையில் அவள் முகத்துக்கும் தோளுக்கும் நடுவே பச்சைத் திரை கட்டினார்கள். முன்பக்கம் டாக்டர் ஜெரால்டின் நிஜ ஊசியைப் போட, அதே நேரத்தில் ஒரு தாதி பின்பக்கம் மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தினார். இரண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

"முடிஞ்சிருச்சா டாக்டர்? ரொம்ப மெதுவாப் போட்டீங்க," என்று அமலோற்பவம் நன்றியோடு சொன்னாள். "முன்னாடி போட்ட ஊசிகூடத் தேவலை. பின்னாடி அந்தக் குச்சிதான் கொஞ்சம் உறுத்துது."

டாக்டர் ஜெரால்டின் தாதியைப் பார்த்தார். பிறகு தாதி டத்தோவைக் கூப்பிட ஓடினார். டத்தோ வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். திரைக்கு அப்பால் ஒரு கூட்டம் நடந்தது. அமலோற்பவம் கையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் டத்தோ திரையை விலக்கினார்.

"அம்மா, நீங்க இப்போ சொன்னத மறந்துடணும்."

"சரிங்க."

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேங்க."

இன்னொருவர் சோதித்துப் பார்த்தார். "எந்தப் பக்கம் ஊசி போட்டாங்க?"

"தெரியலைங்க."

"பிரமாதம்," என்றார் அவர், உண்மையாகவே நிம்மதியடைந்து.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்க் கையைக் காட்டிவர வேண்டும். நீலமும் மஞ்சளும் கலந்துவிடக்கூடாது என்பதற்காக, முன்பக்க ஊசிக்காரர்கள் முன்வாசலிலும் பின்பக்க ஊசிக்காரர்கள் பின்வாசலிலும் வரும்படி ஏற்பாடாகியிருந்தது. இதனால் யாருக்கு எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகிறதே என்று தோட்டக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். உடனே வாசல்களை ஒவ்வொரு முறையும் மாற்றினார்கள். எந்த முறை எந்த வாசல் என்பது நினைவில்லாமல் நோயாளிகள் குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

உள்ளே காத்திருக்கும் கூடத்தில் இரண்டு வரிசை நாற்காலிகள் முதுகோடு முதுகு ஒட்டிப் போடப்பட்டிருந்தன. ஒரு வரிசை நீலம், மறு வரிசை மஞ்சள். திரும்பிப் பேசக்கூடாது. முக்கியமாக வலி, ஊசி, கை, பருவநிலை ஆகியவற்றைப் பற்றிப் பேசக்கூடாது. இதைக் கவனிக்க வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருங்க பின்னால?"

"அமலோற்பவம். ஸ்கூடாய்."

"நான் ராஜம்மா. பண்டார் தெங்காரா. திரும்பாதீங்க, அந்த ஜாகா பாக்கறாரு."

"அவ்ளோ தூரத்துல இருந்தா வர்றீங்க?"

"கூலாய்ல பஸ் மாறி வரணும். பரவால்ல லா. ஒரு நாள் வெளிய வந்த மாதிரி இருக்கு."

எதைப் பேசலாம் என்று இருவரும் சற்று யோசித்தார்கள். மீன் பேசலாம் என்று ராஜம்மா கண்டுபிடித்தாள். அன்று கெம்போங் மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு, கத்தரிக்காய் போடலாமா என்பதில் அரைமணி நேரம் போயிற்று. ராஜம்மா வெகுகாலம் தன் ஊர்த் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனை நடத்தியவள். ஊரில் எந்தப் பிள்ளைக்கு மீ கோரெங் நூடுல்ஸில் காரம் ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"இப்போ வீட்ல எத்தன பேரு?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"நாங்க ஆறு பேரு."

"குடுத்து வச்சவங்க."

"ம். ஆறு பேருதான். ஆளுக்கொரு ஃபோன் இருக்கு," என்றாள் ராஜம்மா.

பல தடவை அப்படிப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அரைகுறையாகத்தான் பார்த்திருந்தார்கள். ஃபோன் நம்பர் மாற்றிக்கொள்வது தடை செய்யப்பட்டிருந்தது.

ஆனால் அமலோற்பவம் உண்மையாகக் காத்திருந்தது வியாழக்கிழமைக்கு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடுவத்திலிருந்து தேன்மொழி கூப்பிடுவாள். நாற்பது வயதிருக்கும், அலுத்துப்போன, ஆனால் அன்பான குரல். எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறு எதையும் பேச அவளுக்கு அனுமதி கிடையாது.

"வணக்கம் ஆன்டி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், இந்த வாரம் உங்கள் வலி எத்தனை?"

முதல் வாரம் அமலோற்பவம் விவரமாகச் சொல்லப் பார்த்தாள். "சும்மா இருக்கறப்போ ஒண்ணும் இல்லம்மா. சாய்ங்காலம் விளக்குப் போட்டுட்டு உக்காந்தா வருது. நியூஸ் முடிஞ்சப்புறம் ரொம்ப."

"நியூஸ் இதுல இல்ல ஆன்டி. ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க."

"ஏழரை?"

"அரை இல்ல ஆன்டி."

"ஏழு."

"வருந்துகிறோம். உங்கள் வலியை நாங்கள் மதிக்கிறோம். அடுத்த வாரம் அழைக்கிறோம்."

எழுதிக்கொடுத்த வரிதான். அது அமலோற்பவத்துக்கும் தெரியும். ஆனாலும் வருந்துகிறோம் என்று ஒரு மனிதக்குரல் தன் காதுக்குள் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. வியாழக்கிழமைகளில் அவள் சமையலைச் சீக்கிரம் முடித்தாள், மின்விசிறியின் சத்தம் இடைஞ்சலாக இருக்குமென்று அணைத்துவிட்டு, ஃபோனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ஊசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஏழு ஆறாகி, ஐந்தாகி, நான்கானது. ஐந்துக்குக் கீழே போனதும் தேன்மொழி வருந்துவதை நிறுத்திவிட்டு "குறித்துக்கொண்டோம்" என்று மட்டும் சொன்னாள். ஒரு புதன்கிழமை அமலோற்பவம் மேல்தட்டிலிருந்து மைலோ டின்னை எடுத்துக் கீழே வைத்தாள். வைத்த பிறகுதான், தன் வலது கை போய்வந்த இடம் எது என்று உணர்ந்தாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். வலியே இல்லை. சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும், நாளை வியாழக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. வலி பூஜ்யம் என்று சொன்னால் குணமானவர் என்று பெயரை நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு ஃபோன் வராது.

"வணக்கம் ஆன்டி. இந்த வாரம் உங்கள் வலி எத்தனை?"

"ஆறு," என்றாள் அமலோற்பவம்.

மறுமுனையில் தேன்மொழி திகைத்தாள். "போன வாரம் நாலுன்னீங்களே?"

"மழை பேஞ்சிச்சுல்ல."

"வருந்துகிறோம் ஆன்டி," என்றாள் தேன்மொழி. எழுதிக்கொடுத்த வரியாக இருந்தாலும் அன்று அதில் கொஞ்சம் நிஜம் கலந்திருந்ததுபோல் இருந்தது. அமலோற்பவத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. அடுத்த வாரமும் ஆறு என்றாள். நடுவத்தில் கையை அளந்தபோது பாதி உயரத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

தன் ஆறு எங்கே போய் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாது. நீலமும் மஞ்சளும் ஏறக்குறையச் சமமாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லைக்கோடு தெரியும் தூரத்தில், நீல அணியைச் சேர்ந்த ஒரு தோள் நின்று திரும்பிப் பின்னோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது. நடுவம் கலகலத்துப்போனது.

முதலில் டாக்டர் ஜெரால்டின் வீடு தேடி வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். உட்காரக்கூட இல்லை.

"ஆன்டி, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அது ஆறா, இல்ல அஞ்சரை மாதிரியா?"

"அரை இல்லன்னாங்களே டாக்டர்."

"உங்களுக்காக ஒரு அரை வாங்கித் தரேன் ஆன்டி. பயிற்சி டாக்டரா இருந்த காலத்துல இருந்து நான் முன்பக்கம்தான். உங்க ஒருத்தர் தோளால என் வாழ்க்கையே போயிடும் போல இருக்கு."

இரண்டு நாள் கழித்து டாக்டர் தீபன் வந்தார். அவர் கொண்டுவந்தது கேக். "ஆன்டி, யாருக்கும் பயப்படாதீங்க. நோயாளிக்குச் சுதந்திரம் இருக்கு. ஆறுன்னா ஆறுதான். ஏழு வந்தாலும் தயங்காம சொல்லிடுங்க. உங்க வலிக்குப் பின்னால நான் இருக்கேன்."

அமலோற்பவம் அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்தாள். இடது கையால்தான் தட்டை ஏந்தினாள், வலது கையை மறந்துபோய்த் தூக்கிவிடாமல் இருக்கத்தான் கவனம் தேவைப்பட்டது. ஜெரால்டின் அடுத்த வாரமும் வந்தார், ஒரு தாதியைக் கூட்டிக்கொண்டு. தீபன் தன் இரண்டு மாணவர்களை அழைத்துவந்தார். கூடத்திலிருந்த நாற்காலிகள் போதாமல், சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. எல்லோரும் அவள் தோளைப் பற்றியே பேசினார்கள், அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். அவர்கள் போன பிறகு அவள் கோப்பைகளை உடனே கழுவவில்லை. சாயங்காலம்வரை அவை மேசைமேல் அப்படியே இருந்தன, வீட்டில் ஆள் புழங்கிய அடையாளத்தோடு.

ஜெரால்டினின் கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை மூன்றாவது வருகையில் அவள் கவனித்தாள். ரோலண்ட் வயதுதான் இருக்கும். அன்று கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, இதற்கு மேல் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அதற்குள் விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது.

பெரிய அறை. நடுவில் டத்தோ. முன்பக்கத்தார் அறையின் முன்பகுதியிலும் பின்பக்கத்தார் பின்பகுதியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அமலோற்பவத்தை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தேன்மொழி சுவரோரம் நின்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலுக்கு இருந்ததைவிட முகத்துக்கு அலுப்பு அதிகம்.

ஜெரால்டின் ஒரு மணி நேரம் பேசினார். தீபன் அதைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினார். ஆறு என்பது நீலத்தின் ஆறா, மழையின் ஆறா என்று ஒருவர் கேட்டார். நோயாளி தனியாக வாழ்கிறவர், தனியாக வாழ்கிறவர்களின் ஆறு மற்றவர்களின் நான்குக்குச் சமம், அதைக் கழித்துவிடலாம் என்று இன்னொருவர் கணக்குச் சொன்னார். நோயாளியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "நான் ஒண்ணு சொல்லணும்," என்று அமலோற்பவம் இரண்டு முறை மெல்லச் சொன்னாள். அவள் குரல் யார் காதிலும் விழவில்லை.

வேறு வழி தெரியாமல், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலக் கையைத் தூக்கினாள்.

வலது கை. அது தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, கூரையை நோக்கி நேராகப் போய் நின்றது. விரல்கள்கூட விரிந்திருந்தன.

அறையிலிருந்த அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர்களில் பலர் வருடக்கணக்காக உறைந்த தோள்களை ஆராய்கிறவர்கள். முழுதாக உயர்ந்த ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தது குறைவு.

"எனக்கு வலி இல்லைங்க," என்றாள் அமலோற்பவம், கையை இறக்காமல். "ஊசி நல்லா வேலை செஞ்சிச்சு. நான்தான் பொய் சொன்னேன். நல்லாயிடுச்சுன்னு சொன்னா ஃபோன் பண்ண மாட்டாங்கல்ல. அதான்."

ஜெரால்டின் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"கை உயரும். வலிக்காதுன்னு அர்த்தமா?" என்று கத்தினார் தீபன்.

டத்தோ மேசையைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்த நடுவத்துக்கு நோயாளியின் சொல்தான் வேதம். அதில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். நோயாளி தொலைபேசியில் ஆறு என்று சொல்லியிருக்கிறார். அது ஆதாரம். இப்போது நேரில் வந்து இல்லை என்கிறார். அது அபிப்பிராயம். கை உயர்ந்தது ஆய்வுக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம். இன்று கையளக்கும் நாளும் அல்ல. அம்மா, கையை இறக்குங்கள்."

அமலோற்பவம் கையை இறக்கினாள்.

பின்பக்க ஊசியே சிறந்தது என்று அன்று பிற்பகல் அறிவிக்கப்பட்டது. ஜெரால்டின் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.

நடைவழியில் தேன்மொழி பின்னால் ஓடிவந்தாள். "ஆன்டி, ஆய்வு முடிஞ்சிருச்சு. இனி நான் கூப்பிட முடியாது. என்னை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. முழங்கால்." சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு முழங்கால் வலி ஏதாச்சும் இருக்கா ஆன்டி?"

அமலோற்பவம் ஒரு காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு மற்றதை.

"இல்லையேம்மா," என்றாள் வருத்தத்தோடு.

அடுத்த வியாழக்கிழமை அவள் பழக்கத்தில் சமையலைச் சீக்கிரம் முடித்தாள். பத்து மணியானது. பத்தரையானது. மின்விசிறியைப் போட்டுவிட்டு ரோலண்டைக் கூப்பிட்டாள்.

"மா, மீட்டிங்ல இருக்கேன். அர்ஜண்டா?"

"இல்லப்பா. கை நல்லாயிடுச்சுன்னு சொல்லத்தான்."

"எந்தக் கை?" என்றான் ரோலண்ட்.

சில வாரங்கள் கழித்து, ஸ்கூடாய்ச் சாலையில் கார்கள் நகராமல் நின்ற ஒரு காலையில், பஸ் ஜன்னல் வழியாக ஒரு பெரிய பதாகையைப் பார்த்தாள். பின்பக்க ஊசியின் வெற்றி என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. அதில் டாக்டர் தீபன் சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் வலது கையை உயரத் தூக்கி நின்றிருந்தாள். அந்த முகத்தை அரைகுறையாக அறிந்த நினைவு. ராஜம்மா. எழுத்தைப் படிப்பதற்கு முன்பே மீன்குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்கும் நல்லாகிவிட்டதே என்று அமலோற்பவத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தைச் சொல்ல நம்பர் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், கூலாய் பஸ் ஏறினாள்.

கூலாயில் மாறி ஏறிய பஸ் செம்பனைக் காடுகளுக்கு நடுவே வெகுநேரம் போயிற்று. பண்டார் தெங்காராவில் இறங்கி, பள்ளிக் கேண்டீன் நடத்திய ராஜம்மா வீடு எது என்று மளிகைக் கடையில் கேட்டாள். கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒரு பெரிய பையன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றவர்கள் வேலைக்கும் டியூஷனுக்கும் போயிருந்தார்கள். ராஜம்மா பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்து சிக்குப் பிடித்திருந்தது, இடது கையால் எப்படியோ சுற்றிய ரப்பர் பட்டை அதில் தொங்கியது.

"அலமாக்! அமலோற்பவமா? எப்படி வந்தீங்க?" என்று எழுந்தாள்.

"பஸ்லதான். பதாகையில பாத்தேன் உங்கள. கை எவ்ளோ ஒசரம் போகுது! அதான் பாத்துட்டுப் போலாம்னு."

ராஜம்மா தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அது நெஞ்சுவரை வந்து நின்றது. அதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பின்னால ஒரு பொண்ணு உக்காந்து முட்டியப் புடிச்சுத் தூக்குச்சு," என்றாள். "படத்துல அந்தப் பொண்ணு தெரியாத மாதிரி வெட்டிட்டாங்க."

"வலி இன்னும் அப்படியேவா இருக்கு?"

"குறையவே இல்ல லா. மொத நாளு எப்படியோ அப்படித்தான்."

"பின்ன ஃபோன்ல என்னன்னு சொன்னீங்க?"

ராஜம்மா தரையைப் பார்த்தாள். "ரெண்டுன்னு சொன்னேன். ஒரு தடவ தெரியாம சொல்லிட்டேன். மூணுக்குக் கீழ போயிருச்சுன்னு உடனே ஃபோன் பண்ற பொண்ணு, மிக நல்லது, உங்களைப் பாராட்டுகிறோம் அப்படின்னுச்சு. இந்த வீட்டுல இத்தன வருஷம் ஆக்கிப் போட்டேன். யாரும் அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல. அப்புறம் எல்லா வாரமும் ரெண்டுதான்."

"நான் ஆறுன்னு சொன்னேன்," என்றாள் அமலோற்பவம். "எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாயிடுச்சு."

ராஜம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இருவருக்கும் இடையே திரையோ நாற்காலியின் முதுகோ இல்லை. என்ன நடந்திருக்கிறது என்பது இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளங்கியது. ஜொகூரில் உறைந்துபோகப் போகிற அத்தனை தோள்களுக்கும் இனி பின்பக்கமாகத்தான் குத்துவார்கள். ராஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது தோள் குலுங்கி வலித்தது. வலித்ததில் கண்ணீர் வந்தது. அதன் பிறகு அது எதனால் வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

"வாங்க, நாளைக்கே போலாம். எனக்கு முன்னாடி ஊசி போட்ட அந்த ஜெரால்டின் டாக்டர் எங்க இருக்காங்கன்னு கேட்டுக் கண்டுபிடிப்போம். நான் கூட வரேன்," என்றாள் அமலோற்பவம்.

"போலாம், போலாம். மொதல்ல உக்காருங்க."

அமலோற்பவம் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியில் செருகியிருந்த சீப்பை எடுத்தாள். ரப்பர் பட்டையைக் கழற்றி, சிக்கு விழுந்த முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். ராஜம்மா முதலில் வேண்டாம் என்றாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் பையனின் விளையாட்டுச் சத்தம் கேட்டது. சடை பாதி பின்னியாகிவிட்டது.

"ஏன் அவசரப்படறீங்க?" என்றாள் ராஜம்மா, கண்ணைத் திறக்காமல். "கடைசி பஸ் அஞ்சரைக்குத்தான்."

அமலோற்பவம் பின்னிய சடையை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சீவத் தொடங்கினாள்.